நாகர்கோவில் – சென்னை: விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், வீட்டு வாசலில் இருந்து எத்தனை மணி நேரம்?

பழையாறு | வடசேரி

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசியில் குரோம்பேட்டையில் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு. அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி, படிக்கட்டைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தம்பியோ, "விமானத்தில் கூட்டி வா, ஒரு மணி நேரம்தானே" என்கிறான்.

இணையத்தில் தேடினேன். திருவனந்தபுரத்தில் இருந்து சென்னைக்கு 612 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 45 நிமிடம் என்கிறது ஒரு தளம். டிக்கெட் எடுக்கப் போனால் 1 மணி 25 நிமிடம் என்று காட்டுகிறது. எதை நம்புவது? வடசேரியில் இருப்பவனுக்கு இதில் எந்தக் கணக்கு பொருந்தும்? முகூர்த்தம் அதிகாலை என்பதால் முதல் நாளே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மார்த்தாண்டம் தேன் | மார்த்தாண்டம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விமானம்தான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியச் சோற்றுக்குச் சென்னை.

வேளிமலை | தக்கலை

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் சரியானவைதான். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

612 என்பது, பூமியின் வளைவை ஒட்டி இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானிகளின் கணக்கில் 330 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரே போய்ச் சமநிலைக்கு வந்தபின் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 612ஐ 830ஆல் வகுத்தால் 44 நிமிடம். அந்தத் தளம் செய்திருப்பது இந்த வகுத்தலை மட்டுமே.

டிக்கெட்டில் இருப்பது வேறு. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியில் தொடங்கி, சென்னையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து போக வேண்டும். முறை வரும்வரை நிற்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. சென்னையை நெருங்கியதும், முன்னால் இறங்கும் விமானங்களோடு வரிசையில் சேர்ப்பதற்காகக் கட்டுப்பாட்டு அறை உங்களைச் சற்றுச் சுற்றி வரச் சொல்லும். இதையெல்லாம் கூட்டி, கைக்காவலுக்குச் சில நிமிடங்களையும் சேர்த்துத்தான் நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. "குறித்த நேரத்துக்கு முன்பே தரையிறங்கிவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பார்களே, அதில் பாதிப் பெருமை இந்தக் கைக்காவலுக்கு உரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் நகரில் இருந்தே சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அதுவும் 612 கிலோமீட்டர்தான் வரும். சென்னையில் கவராயத்தின் ஊசியை ஊன்றி, நாகர்கோவிலில் பென்சிலை வைத்து வட்டம் போட்டால், அந்தக் கோடு திருவனந்தபுரத்தின் மேலாகவே போகும். ஆகவே நாம் 70 கிலோமீட்டர் வண்டியில் குலுங்கிப் போய் விமான நிலைய வாசலில் இறங்கும்போது, சென்னைக்கு ஒரு முழம்கூட நெருங்கியிருக்க மாட்டோம்.

தோவாளைப் பிச்சி | தோவாளை

வேளிமலை அண்ணாச்சி, கடைசிப் பத்தியை அச்சடித்து எங்கள் பூச்சந்தையில் ஒட்டலாம்.

பூ வியாபாரத்தில் யாரும் "பறக்கும் நேரம்" என்று ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பூவும் அதே விமான நிலையம் வழியாக வளைகுடாவுக்குப் போகிறது. பிச்சி மொட்டைச் செடியில் இருந்து கிள்ளிய நேரம் முதல் வாங்குபவர் கையில் பெட்டி திறக்கும் நேரம் வரை எண்ணுவோம். நடுவில் எங்கேயாவது ஒரு மணி நேரம் கூடினால், பெட்டிக்குள்ளேயே மொட்டு வாய் திறந்துவிடும். திறந்த பூவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது தெரிந்ததுதான்.

அதே முறையில் உங்கள் அம்மாவின் பயணத்தை எண்ணுகிறேன். விமானம் காலை 10.30 என்று வைத்துக்கொள்வோம். 8.30க்காவது விமான நிலையத்தில் இருக்க வேண்டும், சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் சற்று முன்பே. கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். வடசேரியில் இருந்து சாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆக 6 மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். சென்னையில் இறங்குவது 11.55. பெட்டி வந்து, வெளியே வந்து, குரோம்பேட்டை வீட்டுக்குள் நுழையும்போது ஒரு மணி ஆகிவிடும். மொத்தம் ஏழு மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும்.

2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் வந்தே பாரத், நாகர்கோவிலில் இருந்து எழும்பூருக்குச் சுமார் ஒன்பது மணி நேரத்தில் போகிறது. தாம்பரத்தில் நிற்கும். குரோம்பேட்டைக்குத் தாம்பரம் அடுத்த வீடு போல. வித்தியாசம் இரண்டு மணி நேரம்கூட வராது. புதன்கிழமை மட்டும் அந்த ரயில் கிடையாது.

மார்த்தாண்டம் தேன் | மார்த்தாண்டம்

தோவாளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும், அக்கா. களியக்காவிளையில் இருந்து போட்டுப் பாருங்கள். காரோட்டில் தொடங்கும் புறவழிச் சாலையைப் பிடித்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் எதுவும் இல்லை. கான்கிரீட் சாலையில் நேராகக் கோவளம் வழியாக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். எங்களுக்கு ரயில் ஏற நாகர்கோவில் போவதும் விமானம் ஏறத் திருவனந்தபுரம் போவதும் ஏறக்குறைய ஒரே தூரம். 1956 நவம்பர் 1 வரை அதுதானே நமக்குத் தலைநகர்? விளவங்கோடு தாலுகாக்காரனுக்கு இன்றும் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய துணிக்கடை, விமானம் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

தோவாளைப் பிச்சி | தோவாளை

கேட்டவர் வடசேரிக்காரர். விளவங்கோட்டில் இருந்து யாராவது கேட்டால் அப்போது உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்.

கோட்டாறு வண்டி | கோட்டாறு

இந்தச் சாலையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

நாகர்கோவிலில் இருந்து விமான நிலையம் வரை உள்ள 70 கிலோமீட்டரில், காரோடு வரையிலான நம் பக்கத்துச் சாலைதான் நேரத்தைத் தின்கிறது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்தபிறகு இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் தக்கலை இருக்கிறதே! பள்ளிக்கூட நேரத்தில் தக்கலையில் மாட்டினால் ஓட்டுநரின் திறமை எதுவும் அங்கே செல்லாது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் போதும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரம் என்று சொல்வேன், மழை என்றால் வாயைத் திறக்க மாட்டேன். கேரளப் பெர்மிட் உள்ள வண்டிதானா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையில் நின்று அதைப் போடுவது தனி நேரம்.

இன்னொரு முக்கியமான விஷயம், வெளியூர்க்காரர்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் அந்த விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. விமான நிலையம் 1932இல் வந்தது, ஊர்வலப் பாதை அதற்கு வெகுகாலம் முந்தியது. அதனால் சாமிக்குத்தான் முதல் உரிமை. அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. யானை, குதிரை, வாள் ஏந்தி நடந்துவரும் அரச குடும்பத்தார் எல்லாம் ஓடுபாதையில் போவார்கள். நீங்கள் ஐப்பசி என்று எழுதியதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் என்றால் வேறு ஒரு தொல்லையும் உண்டு. பத்மநாபபுரத்தில் இருந்து நவராத்திரிக்காகச் சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போகிற நாட்களில், தேசிய நெடுஞ்சாலை சாமி நடக்கும் வேகத்தில்தான் நகரும். சாமியை முந்தி ஹாரன் அடிக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

குளச்சல் கரை | தற்போது ஷார்ஜா

இடையில் ஒரு சந்தேகம். தலைப்பு பயண நேரம் என்பதால் இங்கேயே கேட்கிறேன். திருவனந்தபுரத்தில் இருந்து துபாய் போகும் டிக்கெட்டைப் பார்த்தால் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே 2 மணி 45 நிமிடம். திரும்பி வரும் டிக்கெட்டில் 5 மணி 30 நிமிடம். எங்கள் அறையில் புதிதாக வந்த பையன், "போகும்போது விமானம் வேகமாகப் போகிறது, வரும்போது மெதுவாக வருகிறது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நேர வித்தியாசம் என்று நான் சொன்னேன். அவனுக்கு அது ஏறவில்லை.

வேளிமலை | தக்கலை

அமீரகத்துக் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். பையனுக்குக் கடிகாரக் கணக்கே வேண்டாம், இப்படிச் சொல்லுங்கள்: போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் கூட்டு, பாதியாக்கு. 2.45உம் 5.30உம் சேர்ந்து 8 மணி 15 நிமிடம். பாதி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர் என்பதால் அது பொருந்தும்.

அவன் சொன்னதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. குளிர்காலத்தில் ஓமான், அமீரகம் பக்கத்து உயர்வானில் மேற்கில் இருந்து பலமான காற்று வீசும். அப்போது அங்கே போவதுதான் மெதுவாகும், ஊருக்கு வருவது சில நிமிடம் முந்தும். ஆடி ஆவணியில் தென்னிந்தியாவின் மேல் உயரே கிழக்குக் காற்று. கீழே ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கில் இருந்து ஆளைத் தள்ளுகிற அதே நாட்களில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். நாகர்கோவில்காரனுக்குச் சென்னைப் பயணத்தில் இதனால் வரும் மாற்றம் சில நிமிடம்தான். அதைவிடத் தக்கலையின் சிவப்பு விளக்கு பெரியது.

கணவாய்க் காற்று | ஆரல்வாய்மொழி

என் ஊர்ப் பெயர் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். ஏன் எல்லோரும் திருவனந்தபுரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறதே. 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டர் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி வரை நான்கு வழிச் சாலை, எல்லையும் இல்லை, பெர்மிட்டும் இல்லை, தக்கலையும் இல்லை. சென்னைக்கும் அது கிட்டே.

வேளிமலை | தக்கலை

கிட்டே என்பது சரி. வாகைக்குளத்தில் இருந்து சென்னைக்கு 527 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தைவிட 85 கிலோமீட்டர் குறைவு. ஆனால் டிக்கெட்டில் நேரத்தைப் பாருங்கள், குறைந்திருக்காது. பழைய சிறிய ஓடுபாதையில் ஏர்பஸ் இறங்க முடியாது என்பதால் அங்கே பல ஆண்டுகளாக ஓடியது ஏ.டி.ஆர். 72 வகை, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 527ஐ 500ஆல் வகுத்தால் வானத்தில் மட்டும் ஒரு மணிக்கு மேல். இப்போது ஓடுபாதை நீண்டுவிட்டதால் பெரிய விமானங்கள் வர வழி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது விமான வகை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதே பக்கத்தில் போட்டிருக்கும்.

ஆரல்வாய்மொழியில் இருப்பவருக்கு வாகைக்குளம் நியாயமான தேர்வு. வடசேரிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், ஆனால் சாலை நல்ல சாலை. எது முந்தும் என்பது நீங்கள் கிளம்பும் நேரத்தைப் பொறுத்தது.

பழையாறு | வடசேரி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் கேள்வி: "நடுவில் எங்கேயாவது நிறுத்துவானா, காப்பி குடிக்க?" இல்லை என்றேன். "அப்படியானால் ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளலாம்" என்று முடித்துவிட்டார். தூரம், வேகம், உயரம் எதிலும் அவருக்கு ஆர்வம் இல்லை. படி எத்தனை என்பதுதான் இரண்டாவது கேள்வி. அதற்குத்தான் என்னிடம் விடை இல்லை.

கருங்கல் செவிலி | கருங்கல்

படிக் கணக்கை நான் சொல்கிறேன். மூட்டு வலிக்காரர்களைப் பார்ப்பதே என் வேலை.

விமான டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நுழைவாயிலில் இருந்து இருக்கை வரை ஊழியர் தள்ளிக்கொண்டு போவார், பாதுகாப்புச் சோதனையிலும் தனி வரிசை கிடைக்கும். பெரிய விமானம் ஏறுபாலத்தில், அதாவது முனையத்தில் இருந்து விமானக் கதவு வரை நீளும் நடைபாதையில், நின்றால் ஒரு படிகூட ஏற வேண்டாம். ஏறுபாலம் இல்லாமல் திறந்த வெளியில் நின்றால் படி அல்லது சாய்தளம். ஏ.டி.ஆர். விமானத்துக்கு ஏறுபாலம் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு இது முக்கியம்.

வந்தே பாரத் நல்ல வண்டிதான், ஆனால் முழுவதும் உட்காரும் இருக்கை. 74 வயது முழங்கால் எட்டு ஒன்பது மணி நேரம் மடங்கியே இருந்தால், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். பிச்சி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, மணிக்கணக்கை மட்டும் பார்த்து அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நான் சொல்வது பழைய கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். மாலையில் ஏறிப் படுத்தால் விடியும் வேளையில் தாம்பரம். பன்னிரண்டு மணி நேரம் என்று எண்ணினால் பெரிதாகத் தெரியும், காலை நீட்டிப் படுத்திருக்கும் பன்னிரண்டு மணி நேரம் அது. கழிவறைக்கு எழுந்து போகும்போது மட்டும் கூடவே போங்கள். ஓடும் ரயிலில் இரவில் தனியாக விடவே கூடாது.

கீழ்ப்படுக்கைக்கு ஒரு வழி: 45 வயது தாண்டிய பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. உங்களையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது கிடைக்காது, நீங்கள் அந்த வயதுக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். ஐப்பசியில் தீபாவளி கூட்டமும் சேரும் என்பதால் திறக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும்.

தோவாளைப் பிச்சி | தோவாளை

கோபம் எதற்கு? படுத்துப் போவது எனக்குத் தோன்றவில்லை, சரியான யோசனை.

மார்த்தாண்டம் தேன் | மார்த்தாண்டம்

அப்படியானால் இந்த மாவட்டத்துக்கு விமான நிலையமே வேண்டாம் என்கிறீர்களா? தேர்தல் தோறும் பேசுகிறார்களே.

கணவாய்க் காற்று | ஆரல்வாய்மொழி

வந்தால் வேண்டாம் என்றா சொல்வோம்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இருப்பதெல்லாம் வயலும் குளமும் வீடும். எதை எடுப்பார்கள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. இருக்கிற சாலையை நான்கு வழியாக முடித்துக் கொடுத்தாலே இரண்டு விமான நிலையமும் நமக்குக் கிட்டே வந்துவிடும்.

வேளிமலை | தக்கலை

காற்று சொன்னதை வழிமொழிகிறேன். வானத்தில் 45 நிமிடத்தை 40 ஆக்க யாராலும் முடியாது. தரையில் ஒரு மணி நேரத்தைக் குறைக்கச் சாலை போதும்.

பழையாறு | வடசேரி

முடிவு செய்துவிட்டேன். போகும்போது இரவு ரயில், அம்மாவுக்குத் தனி டிக்கெட். திரும்பும்போது விமானம், சென்னையில் இருந்து திருவனந்தபுரம். தம்பி வீட்டில் இருந்து விமான நிலையம் பக்கம் என்பதால் அந்த முனையில் அலைச்சல் இல்லை. அம்மாவுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவை மேகத்தை மேலிருந்து பார்க்க வேண்டுமாம். இதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லியிருக்கிறார். கோட்டாறு அண்ணாச்சி, அன்று எங்களை அழைத்துவர வண்டி வருமா?

கோட்டாறு வண்டி | கோட்டாறு

வரும். கேரளப் பெர்மிட் என் வண்டிக்கு இருக்கிறது. விமானம் மாலையில் இறங்குவதாக எடுக்காதீர்கள். ஆராட்டு நாளாக இல்லாவிட்டாலும், மாலையில் பாலராமபுரம் பக்கம் தறிக்காரர்களும் கடைக்காரர்களும் வீடு திரும்பும் நேரம், புறவழியிலும் வண்டி அதிகம். மதியத்துக்குள் இறங்கினால் அம்மா வெயில் சாய்வதற்குள் வீட்டில் இருப்பார்.

டிக்கெட்டில் முனையம் ஒன்றா இரண்டா என்று பார்த்து எனக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம், நடுவில் ஓடுபாதை. உள்நாட்டு விமானங்களிலும் சில சாக்கைப் பக்கத்து முனையத்துக்கே வருகின்றன. ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனபோது, அவர்கள் சொன்ன முனையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் போன் வந்தது. ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடியிருந்தது. அதன்பிறகு டிக்கெட்டை என் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. படம் எடுத்து அனுப்பினால் போதும்.